எதிராளிக்கும் நாமே வாங்குவோம்

சென்ற கிழமை கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து எமது மருமகனின் மடல் ஒன்று கிடைத்தது. மின்னஞ்சலாக வந்ததெனினும், தாயார் சிறுவயதிற் பழக்கியபடி "அன்புள்ள மாமாவுக்கு" என்று தொடங்கி, மாமியின் சுகம், முற்றத்து மாமரம் இவ்வாண்டு காய்த்ததா என்பன யாவும் விசாரித்த பின்னரே தன் கருமத்துக்கு வந்திருந்தான். அக்கருமம் இதுதான்: அவன் பல்லாண்டுகளாக ஆடிவரும் சிறு விண்கல விளையாட்டை அதன் வெளியீட்டாளர் நிறுத்திவிட்டனர், வீட்டுக்கு அண்மையிலுள்ள கடையொன்றில் எஞ்சிய கலங்களைப் பாதி விலைக்குக் கொடுக்கின்றனர், கையிருப்பில் 400 டொலர் இருக்கின்றது. "இனிமேல் கிடையாது மாமா. எல்லாத்தையும் வாங்கி வைக்கட்டோ?" என்று கேட்டிருந்தான்.

உழைத்து உண்ணும் இளைஞன் ஒருவன் தன் பணத்தைச் செலவிடுதற்குக் கடல் கடந்து மாமனிடம் கேட்பானேன் என வாசகர் சிலர் நகைக்கக்கூடும். நாம் நகைக்கவில்லை. அவ்வினாவினுள்ளே வேறொரு வினா மறைந்து கிடப்பதை நாம் அறிவோம். 2016ஆம் ஆண்டில் அவன் வீட்டிற் சில நாள் தங்கியிருந்தபோது அதனை நேரிற் கண்டோம். பரீட்சையையும் பாடப்புத்தகத்தையும் விட்டு வேறேதேனும் எழுதலாகாதா என்று இப்பகுதியைப் படிக்கும் மாணவர் சிலர் நெடுநாளாகக் குறைப்பட்டு வருகின்றனர். அவர்களுக்காகவும், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்களுக்குப் பணங்கொடுத்துக் களைத்த பெற்றோருக்காகவும் இவ்வாரம் அவ்விளையாட்டைப் பற்றியே எழுதுகின்றோம்.

மேசைமீது ஒரு விண்போர்

1977ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜோர்ஜ் லூக்காஸ் ஆக்கிய 'ஸ்டார் வோர்ஸ்' என்னும் திரைப்படம் வெளிவந்தது. கொடுங்கோற் பேரரசு ஒன்றும், அதனை எதிர்த்தெழுந்த புரட்சிக் கூட்டணி ஒன்றும் விண்வெளியிற் பொருதும் கதை அது. அதன் போர்க்காட்சிகளை அமைக்கும்போது லூக்காஸ் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானச் சண்டைப் படத்துண்டுகளை மாதிரியாகக் கொண்டார். ஆகவேதான் காற்றில்லாத வெளியிலும் அக்கலங்கள் பருந்துகளைப்போல வளைந்தும் திரும்பியும் ஒன்றையொன்று துரத்துகின்றன. பௌதிகம் கற்கும் மாணவர் இதனை ஒப்புக்கொள்ளார். ஆயினும், மேசைமீது ஆடுதற்கு இவ்வளைவும் திருப்பமுமே சுவை தருவன.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள பான்டசி பிளைட் கேம்ஸ் என்னும் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் இதனை 'எக்ஸ்-விங்' என்ற பெயரில் மேசை விளையாட்டாக வெளியிட்டது. கதையிற் கூறப்படும் அளவில் 270இல் ஒரு பங்காகச் சுருக்கி, நேர்த்தியாக நிறந்தீட்டிய கலங்கள். முதற்பெட்டியில் மூன்று கலங்கள் இருந்தன. புரட்சிக் கூட்டணிக்கு எக்ஸ்-விங் ஒன்று. பேரரசுக்கு டை பைட்டர் இரண்டு. அவற்றுடன் பகடைகள், அட்டைகள், பறக்கும் பாதையைக் காட்டும் பதினொரு அட்டைத் துண்டுகள், தூரம் அளக்கும் கோல் ஆகியனவும் இருந்தன. மூன்றடிச் சதுரமான ஓரிடம் போதும். சாப்பாட்டு மேசையை ஒதுக்கினால் ஆட்டம் தொடங்கிவிடும்.

ஆடும் முறையை அறிந்தாலன்றி, எதை வாங்குவது என்னும் வினா விளங்காது. ஒவ்வொரு கலத்துக்கும் கடிகார முகம்போன்ற வட்டத்தட்டு ஒன்று உண்டு. நேராகப் போவதா, இலேசாக வளைவதா, முற்றாகத் திரும்புவதா, எத்துணை வேகத்தில் என்பதை இருவரும் அத்தட்டில் இரகசியமாகத் தெரிந்து கவிழ்த்து வைப்பர். பின்னர் ஒவ்வொன்றாகத் திறந்து, அதற்குரிய அட்டைத் துண்டைக் கலத்தின் முன்னே வைத்து, அதன் மறுமுனைக்குக் கலத்தை நகர்த்துவர். கலம் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து எதிரி முன்னே அகப்பட்டால் எண்முகப் பகடை உருட்டிச் சுடலாம். அகப்படாவிடின் வெறும் வெளியைப் பார்த்திருக்க வேண்டியதுதான். எதிரே இருப்பவர் எங்கே திரும்புவார் என்று அவர் மனத்தை ஊகிப்பதே ஆட்டத்தின் உயிர்.

இரு பக்கத்துக் கலங்களும் ஒரே தன்மையன அல்ல. எக்ஸ்-விங் சுடும்போது மூன்று பகடை உருட்டும், தப்பும்போது இரண்டு. டை பைட்டருக்கு இது நேர்மாறு. சுடுவதற்கு இரண்டு, தப்புவதற்கு மூன்று. எக்ஸ்-விங்குக்குக் காப்புக் கவசம் உண்டு. டை பைட்டருக்கு அது இல்லை. விலைப்புள்ளியோ எக்ஸ்-விங்கின் புதுமுக விமானிக்கு 21. டை பைட்டரின் பயிற்சி விமானிக்கு 12. இவ்வாறு புள்ளிகளைக் கூட்டி, இரு பக்கமும் 100 புள்ளிக்கு மேற்படாமற் படை வகுப்பதே போட்டியில் வழக்கமாயிருந்தது.

அட்டைக்காக வாங்கிய கப்பல்

முதற்பெட்டியின் விலை 39.95 அமெரிக்க டொலர். அதன்பின் மேலதிகப் பொதிகள் அலையலையாக வந்தன. அவற்றை அவ்விளையாட்டினர் 'அலை' என்றே அழைத்தனர். சிறிய கலம் ஒன்று 14.95 டொலர்; மிலேனியம் பல்கன் போன்ற பெரிய கலம் 29.95 டொலர். பொதியினுள் இருப்பது வெளியே தெளிவாகத் தெரியும். இது பெரிய நன்மை. 2006ஆம் ஆண்டில் வேறொரு நிறுவனம் இதே கதையின் கலங்களை மூடிய பெட்டிகளில், உள்ளே இருப்பது இன்னதென்று அறியாமல் வாங்கும் முறையில் விற்றது. அது பொம்மை வாங்குவதன்று. அதிர்ஷ்டலாபச் சீட்டு வாங்குவது. எக்ஸ்-விங் அந்தத் தீமையை ஒழித்தது.

ஆனால் வேறொரு கண்ணி அதில் இருந்தது. ஒவ்வொரு பொதியிலும் கலத்துடன் சில அட்டைகளும் வரும். கலத்துக்குச் சிறந்த விமானி, கூடுதலான ஆயுதம், புதிய ஆற்றல் முதலியவற்றை அளிப்பவை அவை. ஒரு கலத்துக்கு இன்றியமையாத அட்டை வேறொரு கலத்தின் பொதியில் இருந்தால் என் செய்வது? இதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். டார்த் வேடர் என்னும் கொடியவன் ஓட்டும் டை அட்வான்ஸ்ட் கலம் 2012ஆம் ஆண்டிலேயே வந்தது. பெயர் பெரிதாயினும், புள்ளிக்கேற்ற வலிமை அதற்கில்லை என்பது விரைவிற் புலனாயிற்று. அக்குறையைத் தீர்க்கும் அட்டை 2015ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'இம்பீரியல் றெய்டர்' என்னும் பேருருவக் கப்பலின் பொதியினுள்ளே! அப்பொதியின் விலை 99.95 டொலர். 14.95 டொலர் கலம் ஒன்றைச் சீர்செய்ய அதன் விலையில் ஆறு மடங்குக்கு மேல் கொடுக்கவேண்டி வந்தது. இதுபோலவே பேரரசின் விரைவுக் கலங்களை ஆடுவோர், தம் தரப்பைச் சேராத ஸ்டார்வைப்பர் என்னும் கலத்தை அதிலிருந்த ஓரட்டைக்காகவே வாங்கினர். கலம் பெட்டியில் உறங்கும். அட்டை மட்டும் போட்டிக்குப் போகும்.

கடைகளில் நடக்கும் சுற்றுப்போட்டிக்குச் செல்வோருக்கு இது தவிர்க்கமுடியாத செலவு. அங்கே ஒவ்வொருவரும் தத்தம் படையைத் தாமே கொண்டுவருவர். எதிராளி சிறந்த அட்டையுடன் வரும்போது தான் அதில்லாமற் போனால் தோல்வி உறுதி. ஆகவே அவர்கள் வாங்குவது தம் பக்கத்தை வலுப்படுத்துவதற்கே. அது அவர்கள் ஆட்டத்தின் இயல்பு. அதனை நாம் பழிக்கவில்லை. ஆனால் வீட்டில் ஓய்வுக்காக ஆடுவோர் அந்த வழியைப் பார்த்து வாங்கினால் என்ன நேரும்? அதைத்தான் எமது தமக்கையார் வீட்டிற் கண்டோம்.

நிலவறையிற் கண்டது

2016ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் நாம் ரொறன்ரோ சென்றிருந்தோம். மருமகனுக்கு அப்போது வயது 17. அவன் தங்கைக்கு 12. வீட்டின் நிலவறையில் அவன் ஓர் அலமாரி நிறையக் கலங்கள் வைத்திருந்தான். மாலைவேளையிற் பலசரக்குக் கடையொன்றில் வேலைசெய்து பெற்ற கூலி அது. ஒவ்வொரு கலத்தின் பெயரையும் அதனை ஓட்டிய விமானியின் வரலாற்றையும் சோழர் பரம்பரை சொல்வதுபோல ஒப்புவித்தான். கேட்க மகிழ்ச்சியாகவே இருந்தது.

"சரி தம்பி, ஆரோடை விளையாடுகிறாய்?" என்று கேட்டோம். அவன் முகம் சற்று வாடிற்று. சனிக்கிழமைகளில் இரண்டு பஸ் மாறிக் கடைக்குப் போவதாகவும், அங்குள்ளோர் தன்னிலும் நல்ல அட்டைகளை வைத்திருப்பதால் பெரும்பாலும் தோற்பதாகவும், அடுத்த அலை வந்ததும் நிலைமை மாறுமெனவும் சொன்னான். "தங்கச்சியோடை விளையாடுவதில்லையோ?" என்றோம். "அவளுக்கு விருப்பமில்லை, மாமா."

அன்றிரவு அச்சிறுமியைத் தனியே கேட்டோம். "விருப்பம்தான் மாமா. ஆனால் அண்ணா நல்லதெல்லாம் தான் எடுத்துக்கொண்டு எனக்கு மூன்று பழைய கப்பல் தருவார். நான் எப்பவும் தோற்பேன். பிறகு 'நீ ஏன் அங்கே திரும்பினாய்' என்று அரைமணித்தியாலம் விளக்குவார்" என்றாள். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கற்பித்து வரும் எமக்கு அக்கடைசி வாக்கியம் சிறிது சுட்டது என்பதை மறைக்கமாட்டோம்.

(அண்ணன் தீயவன் அல்லன் என்பதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். வெல்வதற்கென்றே வாங்கிய பொருளை வெல்வதற்கன்றி வேறெதற்குப் பயன்படுத்துவது என்பது அவனுக்குத் தோன்றவில்லை, அவ்வளவே.)

மறுநாள் எமக்கு ஆட்டத்தைக் கற்பிக்குமாறும், முதற்பெட்டியிலிருந்த மூன்று கலங்களையன்றி வேறொன்றையும் எடுக்கலாகாதெனவும் இருவரையும் கேட்டுக்கொண்டோம். மருமகள் இரண்டு டை பைட்டர்களை எடுத்தாள். நாம் எக்ஸ்-விங்கை எடுத்தோம். மூன்றாம் சுற்றில் அவளைத் துரத்தும் ஆவேசத்தில் மேசையின் விளிம்பைக் கடந்து பறந்துவிட்டோம். களத்துக்கு வெளியே போன கலம் அழிந்ததாகக் கொள்ளவேண்டும் என்பது விதியாம். ஒரு குண்டும் படாமலே நாம் மாண்டோம். அச்சிறுமி சிரித்த சிரிப்பில் மேல்மாடியிலிருந்த தமக்கையார் என்னவோ ஏதோவென்று இறங்கி வந்துவிட்டார்.

அதன்பின் மருமகன் தானாகவே அலமாரியைத் திறந்தான். தன் விருப்பத்துக்குரிய டை இன்டர்செப்டர் இரண்டைத் தங்கை கையிற் கொடுத்து, தான் மந்தமான வை-விங் ஒன்றையும் எக்ஸ்-விங் ஒன்றையும் எடுத்தான். அன்று அவள் வென்றாள். தோற்றவன் அவளிலும் மகிழ்ந்தான், ஏனெனில், "அண்ணா, இன்னொருக்கால்!" என்ற சொல்லை அவன் அந்நிலவறையில் அன்றுதான் முதன்முறை கேட்டான்.

கரம் பலகை தரும் பாடம்

எமது வீடுகளிற் கரம் பலகை உண்டு. பலகை வைத்திருப்பவன் வெள்ளைக் காய்களை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, வருகிறவன் தன் கறுப்புக் காய்களைக் கொண்டுவரட்டும் என்று இருப்பதில்லை. இரு நிறத்தையும் தானே வாங்குகிறான். அப்படியிருப்பதாலேயே அயல்வீட்டுப் பிள்ளை வந்தவுடன் ஆட்டம் தொடங்குகிறது.

வீட்டில் ஓய்வுக்காக விண்கல விளையாட்டு ஆடுபவனும் அவ்வாறே எண்ணவேண்டும். அவன் ஒரு படையின் தளபதி மாத்திரமல்லன். அம்மேசையின் வீட்டுக்காரனும் ஆவான். விருந்தினருக்கு இலைபோடும் கடமை அவனுடையது. ஆகவே மேலதிகப் பொதி வாங்கப் போகும்போது அவன் கேட்கவேண்டியது, 'இதனால் நான் வெல்வேனா' என்பதன்று. 'என் எதிரே அமர்பவருக்கு இதனால் ஆட்டம் சுவைக்குமா' என்பதே. இந்த ஒன்றை மனத்திற் கொண்டால் மற்றைய தெரிவுகள் தாமே இலேசாகிவிடும். கைக்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறுகின்றோம்.

முதலாவது, தொடக்கப்பெட்டியை அவமதிக்கலாகாது. புதிய பொதிகளைத் தேடுமுன் அதே பெட்டியில் இன்னொன்று வாங்குவது நன்று. இரண்டு எக்ஸ்-விங், நான்கு டை பைட்டர் கிடைக்கும். முதற்பதிப்பின் கணக்கில், லூக் ஸ்கைவோக்கருக்கு 28, புதுமுக விமானிக்கு 21, ஆக 49. எதிரே நான்கு பயிற்சி விமானிகளுக்கு 48. தராசு ஏறக்குறைய நேராக நிற்கின்றது. பகடைகளும் இரட்டிப்பாவதால் ஒருவர் உருட்டும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, சோடி சோடியாக வாங்கவேண்டும். இப்பக்கத்துக்கு ஒன்று வாங்கினால் அப்பக்கத்துக்கும் ஒன்று. மெல்லப் பறந்து அடி தாங்கும் வை-விங்குக்கு எதிரே டை அட்வான்ஸ்ட். விரைந்து நழுவும் ஏ-விங்குக்கு எதிரே டை இன்டர்செப்டர். பெரிய மிலேனியம் பல்கனுக்கு எதிரே போபா பெட்டின் ஸ்லேவ் வன். இவை அந்தந்த அலையில் ஒன்றாகவே வந்தவை. பணம் ஒன்றுக்குத்தான் உண்டென்றால், எந்தப் பக்கம் மெலிந்திருக்கின்றதோ அப்பக்கத்துக்கு வாங்குக.

மூன்றாவது, அட்டைக்காகக் கலம் வாங்கலாகாது. பறக்கும் விதத்துக்காக வாங்கவேண்டும். ஒரு கலம் மேசையில் மற்றவற்றினின்றும் வேறுபட்டு இயங்குமாயின் அது ஆட்டத்துக்குப் புதுமை தரும். மிலேனியம் பல்கன் எத்திசையிலும் சுடவல்லது. ஸ்லேவ் வன் முன்னும் பின்னும் சுடும். இவற்றைத் துரத்தும் முறையே வேறு. இல்லாத அட்டை ஒன்று வேண்டுமெனில், இருவரும் உடன்பட்டுத் தாளொன்றில் எழுதி வைத்து ஆடலாம். சுற்றுப்போட்டியில் அதனை ஏற்கார். வீட்டில் உம்மைத் தண்டிப்பவர் எவருமிலர்.

நான்காவது, பேருருவக் கப்பல்களைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்து மகிழ்வதே போதுமானது. அவற்றை வைத்து ஆடுவதற்கு ஆறடிக்கு மூன்றடிக் களம் வேண்டும், கலங்களும் பலவேண்டும், ஒரு மாலைப்பொழுது அதற்குப் போதாது. ஆண்டுக்கு ஒருமுறை ஆடும் பொருளுக்கு ஆண்டு முழுவதும் இடங்கொடுக்க வேண்டிவரும்.

ஐந்தாவது, பதிப்பு எதுவென்று பார்த்து வாங்கவேண்டும். 2018ஆம் ஆண்டு புரட்டாதியில் இரண்டாம் பதிப்பு வந்தது. கலங்கள் பழையனவே எனினும் அட்டைகளும் வட்டத்தட்டுகளும் மாறின. பழைய கலங்களை வைத்திருப்போருக்கு மாற்றுப்பொதி தரப்புக்கு ஒன்றாக 49.95 டொலருக்கு விற்கப்பட்டது. ஒரு பதிப்பின் அட்டையை மற்றதுடன் கலந்து ஆடமுடியாது. இன்று பழையன விற்போரிடம் வாங்குபவர் இதனைக் கேட்டறியாது பணங்கொடுக்கலாகாது. இரண்டாம் பதிப்பில் ஓய்வாட்டக்காரருக்கு ஒரு நன்மையும் உண்டு: படையை விரைவில் அமைத்துக்கொள்ள முன்கூட்டியே வகுத்த அட்டைகளும் பொதிகளுடன் வந்தன. கூட்டல் கணக்கிலே மாலையைக் கழிக்க விரும்பாதோர் அவற்றைப் பயன்படுத்தலாம்.

ஆறாவது, எப்போதும் எதிரெதிரே இருந்துதான் ஆடவேண்டும் என்பதில்லை. பேரரசின் கலங்களைப் பகடையும் அட்டவணையும் நடத்த, வீட்டார் அனைவரும் புரட்சிக் கூட்டணியின் பக்கம் ஒன்றாய் நின்று ஆடும் தொடர்கதை ஒன்றை இரசிகர்களே ஆக்கி இலவசமாக வழங்கியுள்ளனர். 'ஹீரோஸ் ஒவ் தி அட்டூரி கிளஸ்டர்' என்பது அதன் பெயர். தோல்வியை வெறுக்கும் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது மிகப் பொருத்தமானது.

நின்றுபோன ஆட்டம்

2020ஆம் ஆண்டின் இறுதியில் இவ்விளையாட்டு அற்றொமிக் மாஸ் கேம்ஸ் என்னும் இன்னொரு பிரிவினர் கைக்கு மாறியது. 2024ஆம் ஆண்டு ஆனியில், இனிப் புதிய பொதிகள் வரமாட்டா என்று அவர்கள் அறிவித்தனர். மருமகனின் கடிதத்தில் இருந்த கலக்கம் இதனால் எழுந்ததே.

சுற்றுப்போட்டிக்காரருக்கு இது துயரச் செய்தி என்பதை மறுக்கமாட்டோம். ஆனால் மேசையில் இருக்கும் கலங்கள் அறிவிப்பைக் கேட்டு மறைந்துவிடுவதில்லை. தாயக்கட்டைக்கும் முந்நூற்றிநான்குக்கும் எந்த நிறுவனம் ஆண்டுதோறும் புதிய பொதி வெளியிடுகின்றது? அவை இன்றும் ஆடப்படுகின்றன. அடுத்த அலை வராதென்றால், நேற்று வாங்கிய கலம் நாளை பயனற்றதாகும் என்ற அச்சமும் இல்லை. ஓய்வாட்டக்காரனுக்கு இது ஒருவகையில் விடுதலையே.

ஆபத்து வேறிடத்தில் உள்ளது. 'இனிமேல் கிடையாது' என்னும் சொல் மனிதனை மயக்கவல்லது. தேவையில்லாத பொருளும் அச்சொல்லைக் கேட்டவுடன் தேவையாகத் தோன்றும். போரும் இடப்பெயர்வும் கண்ட எமது தலைமுறைக்கு அச்சொல்லின் வலு நன்கு தெரியும். சேர்த்துவைத்தல் எமக்கு ஊறிய பழக்கம். எனினும் அரிசிக்கும் விண்கலத்துக்கும் வேறுபாடு உண்டு.

ஆகவே மருமகனுக்கு நாம் எழுதிய மறுமொழியில் அறிவுரை கூறவில்லை. இரண்டு கேள்விகள் மாத்திரம் கேட்டோம். உன்னிடம் இப்போது எத்தனை கலங்கள் உள? சென்ற ஆண்டில் எத்தனை மாலை ஆடினாய்? விடை இரண்டு நாளில் வந்தது. கலங்கள் 63, மாலைகள் 7. ஒரு மாலைக்கு இருபக்கமும் சேர்த்து ஆறு கலம் எனக் கொள்வோம். ஏழு மாலையும், முன் எடுத்த ஒன்றையும் திரும்ப எடாது புதியனவாகவே எடுத்தாலும் 42 போதும். மீதி 21 கலங்கள் ஒருமுறையேனும் பறந்திருக்கமாட்டா. குறைவாயிருப்பது கலமன்று, மாலைப்பொழுதே என்பது ஆறாம் வகுப்புக் கணக்கிலேயே தெளிவாயிற்று.

அத்துடன் இன்னொன்றும் எழுதினோம். தங்கைக்கு இப்போது பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு. முடிந்ததும் வேறு நகருக்கு வேலைக்குப் போகப்போவதாகத் தமக்கையார் சொல்லியிருந்தார். "தம்பி, இனிமேல் கிடையாதென்று நீ கடையிலுள்ள கலங்களைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவை எவரிடமாவது பழையனவாகப் பிறகும் கிடைக்கும். பிள்ளை வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் இன்னும் எத்தனை என்று எண்ணிப் பார்" என்று முடித்தோம்.

பத்து நாளாக அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கண்டிப்பாக எழுதிவிட்டோமோ என்று மனம் உறுத்திற்று. பின்னர் ஒரு படம் வந்தது. அவன் தங்கையைக் கடைக்கு அழைத்துப்போய், "நீயே ஒன்று தெரிந்தெடு" என்று சொன்னானாம். அவள் நபூ நாட்டு மஞ்சள்நிற என்-1 கலத்தை எடுத்தாளாம். வலிமையைக் கேட்டு அன்று, அழகைக் கண்டு. 2019ஆம் ஆண்டில் இரண்டாம் பதிப்புக்கென வந்த கலம் அது. அதற்கு எதிர்த்தரப்பான வல்ச்சர் எனும் இயந்திரக் கலமொன்றைத் தனக்கென எடுத்துக்கொண்டு, மீதிப் பணத்துடன் வீடு திரும்பியிருக்கிறான். 400 டொலரில் பெரும்பகுதி கையிலேயே இருக்கின்றது.

படத்தில் நிலவறை மேசையும், அதில் மஞ்சட் கலமும், இருவருடைய கைகளும் தெரிந்தன. கீழே தங்கை தானே ஒரு வரி எழுதியிருந்தாள்: "மாமா, அண்ணா இப்ப விளக்கம் சொல்லுறதில்லை. அடுத்தமுறை வந்தால் உங்களுக்கும் கப்பல் வைத்திருக்கிறோம்; மேசையை விட்டு வெளியே பறக்கவேண்டாம்."

விடுமுறை வரப்போகின்றது. பெற்றோர் பலர் பிள்ளைகளுக்கு ஏதேனும் விளையாட்டுப் பொருள் வாங்கக் கடைக்குச் செல்வர். அது கரம் பலகையாயினும், விண்கலமாயினும், கடைக்காரரிடம் விலை கேட்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுமாறு அவர்களை வேண்டுகின்றோம்: இதனை எதிரே இருந்து ஆடப்போகிறவர் யார்? அவருக்கும் சேர்த்தா வாங்குகின்றோம்?